வண்டியோடு இருந்தவர்

மேட்டூர் அணைப் பூங்காவில் பார்க்க வேண்டியது என்ன என்று அவரைக் கேட்டிருந்தால், வண்டி நிறுத்துகிற இடத்தின் ஓரத்தில் நிற்கும் புங்கமரம் என்று சொல்லியிருப்பார். எனக்குத் தெரிந்து பதினோரு தடவை மேட்டூர் வந்திருக்கிறார். அணையை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. ஓர் ஆடி மாதம் மதகெல்லாம் திறந்துவிட்டிருந்தார்கள். ஊர்ப்பட்ட சனம் முண்டியடித்துக்கொண்டு தண்ணீரைப் பார்க்க ஓடியது. இவர் புங்கமரத்தடியில் துண்டை விரித்து உட்கார்ந்து கடலை உரித்துக்கொண்டிருந்தார். அரைக் காது கேட்காத அவருக்கே இரைச்சல் கேட்டது. "நெம்பத் தண்ணி போலிருக்குது" என்றார். எனக்கு எப்படித் தெரியும் என்றால், பக்கத்தில் உட்கார்ந்து பாதிக் கடலையைத் தின்றவன் நான்.

நான் திருச்செங்கோட்டில் வாடகை வண்டி ஓட்டுகிறவன். ஏழு வருஷம் அவர் குடும்பத்துக்கு ஓட்டினேன். ஓட்டுகிறவன் வண்டியோடு கிடப்பது உலகத்தில் உள்ளதுதான். வாடகைக்கு எடுத்த மனுஷன் எதற்கு வண்டியோடு கிடக்க வேண்டும்? முதல் தடவை, என்னை நம்பவில்லை என்று நினைத்து எனக்குக் கோபமே வந்துவிட்டது.

"அண்ணா, நான் வண்டிய எடுத்துட்டு எங்கயும் ஓடீர மாட்டனுங்க. நீங்க போய்ப் பார்த்துட்டு வாங்க" என்றேன்.

"உன்னையச் சொல்லலே சாமி. வண்டிகிட்ட ஒராளு இருக்கோணும்."

"அதான் நான் இருக்கறனுங்களே?"

"நீ டிரைவரு. டிரைவரு டீக்குப் போவான், ஒண்ணுக்குப் போவான். வண்டிகிட்ட இருக்கற ஆளு வேற."

இதைச் சொல்லிவிட்டு எங்கிருந்தோ ஒரு கல்லைத் தூக்கிவந்து பின்சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்தார். சமதளம் அது. கை பிரேக் போட்டிருந்தேன், கியரிலும் போட்டிருந்தேன். என் வண்டிக்கு எனக்கு முட்டுக் கொடுக்கத் தெரியாதா என்று வாய்வரை வந்தது. வயசுக்கு மரியாதை கொடுத்து விழுங்கிக்கொண்டேன்.

போர்வெல் போடும் ரிக் வண்டியில் முப்பது வருஷம் இருந்தவர். எங்கள் ஊரில் இது ஒன்றும் அதிசயமில்லை. இங்கிருந்து கிளம்பும் ரிக் வண்டிகள் இந்தியா முழுக்கப் போய்த் தரையில் ஓட்டை போடுகின்றன. அவர் போனது ராஜஸ்தான் பக்கம். வருஷத்துக்கு ஒரு தடவை, வைகாசித் தேருக்கு, பத்து நாள் ஊருக்கு வருவார். அறுபதைத் தாண்டியதும் ஓனர் "போதுமுங்கண்ணா, ஊட்டுல இருங்க" என்று அனுப்பிவிட்டார். அதை அவர், "நான் ரிட்டயர் ஆயிட்டேன்" என்று கலெக்டர் ஆபீசில் இருந்து இறங்கி வந்தவரைப் போலச் சொல்லுவார். அந்த வார்த்தை மேல் அவருக்கு அப்படி ஓர் ஆசை.

ரிட்டயர் ஆன கையோடு வீட்டில் ஒரு சட்டம் போட்டார். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு வெளியே போக வேண்டும். ஏற்காடு, கொல்லிமலை, ஒகேனக்கல், மேட்டூர், எதுவானாலும் சரி. மகன், மருமகள், மகள், மருமகன், பேரப்பிள்ளைகள் எல்லோரையும் விடியும் முன்னே எழுப்பி, புளிச்சோறு கட்டச் சொல்லி, தண்ணீர்க் கேன் முதல் பாய் வரை தானே ஏற்றுவார். வழியெல்லாம் அவர் குரல்தான். ரிக்கின் கம்ப்ரசர் இரைச்சலுக்குப் பக்கத்தில் முப்பது வருஷம் நின்ற காது. அதனால் எல்லோருக்கும் காது கேட்காது என்பது போலத்தான் பேசுவார். பேத்தி முன்சீட்டில் அவர் மடியில்தான் உட்காரும். எந்த மலையில் என்ன மிளகு, எந்த ஊரில் என்ன பாறை, எத்தனை அடியில் தண்ணீர் என்று சொல்லிக்கொண்டே வருவார். இவ்வளவு ஆசையாக வருகிற மனுஷன், வண்டி நின்றதும் கதவைத் திறந்துவிட்டு, "நீங்க போயிட்டு வாங்க, நான் வண்டிகிட்ட இருக்கறேன்" என்பார்.

போனவர்கள் திரும்பி வந்து செல்போனில் படத்தைக் காட்டுவார்கள். கண்ணை இடுக்கிக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்ப்பார். "அட, நல்லா இருக்குது. போயிட்டு வந்தாப்பலயே இருக்குது." அந்தப் படங்கள் ஒன்றில்கூட அவர் கிடையாது. ஏழு வருஷப் படம். நான்கூட நாலைந்தில் இருக்கிறேன்.

சிரிப்பாகத்தான் இருந்தது முதலில். பேத்திக்கு மலைக்கோயிலில் காதுகுத்து வைத்தார்கள். சீர், மாலை, மேளம் எல்லாம் உண்டு. வண்டி மலைமேல் போகும், கோயில் வாசலிலேயே நிறுத்தலாம். குழந்தை "அப்புச்சி வேணும், அப்புச்சி வேணும்" என்று கத்துகிறது. மகள் வெளியே ஓடிவந்து, "அப்பா, பத்து எட்டு தூரமுங்கப்பா, வாங்க" என்று கையைப் பிடித்து இழுத்தாள்.

"மூணு வண்டி நிக்குது கண்ணு. ஒராளு வேண்டாமா?"

"வண்டியை யாரு தூக்கிட்டுப் போறாங்க, கோயில் வாசல்ல?"

"போ கண்ணு, நேரமாவுது. புள்ள அழுவுது பாரு."

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு உள்ளே போனாள். அழுகைச் சத்தம் கேட்டபோது இவர் என் தோளைத் தட்டி, "குத்தியாச்சு" என்றார். முகமெல்லாம் சந்தோஷம். பொங்கச்சோறு தொன்னையில் வந்தது. அதை பானெட்மேல் வைத்துச் சாப்பிட்டோம். அன்றைக்கு எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஏன் இப்படி என்று கேட்டால், அன்றன்றைக்கு ஒரு காரணம் வைத்திருப்பார். முழங்கால் வலி என்பார். ஒரு தடவை பார்மர் என்ற ஊரில் எல்லோரும் திருவிழாப் பார்க்கப் போன நேரத்தில் ரிக்கில் துளை போடுகிற ட்ரில் பிட்டை யாரோ கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள், ஓனர் எல்லா ஆட்கள் முன்னாலேயும் தன்னைக் கன்னத்தில் அறைந்தார் என்றார். இன்னொரு நாள், கேட்காமலே, "போனவங்க திரும்பி வாரப்ப ஒராளு காத்துட்டு இருக்கோணும் சாமி. இல்லீன்னா எடம் அனாதையா இருக்கும்" என்றார். முப்பது வருஷம் வீட்டில் காத்துக்கொண்டிருந்தது யார் என்று அப்போதே கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. உண்மையைச் சொன்னால், அந்தப் பேச்சுத் துணை எனக்குப் பிடித்திருந்தது. வண்டி நிறுத்துமிடத்தில் நாள் முழுக்கத் தனியாகக் கிடந்து பாருங்கள், தெரியும்.

அங்கே உட்கார்ந்து அவர் பேசுவது முழுக்கப் பாலைவனம்தான். ராத்திரிக் குளிரில் கயிற்றுக்கட்டிலைக் கம்ப்ரசருக்கு ஒட்டிப்போட்டுச் சூடு வாங்கிக்கொண்டு படுப்பது. ஒட்டகப் பாலில் போட்ட டீ. கம்பு ரொட்டிக்குப் பூண்டும் மிளகாயும் அரைத்த சட்னி. விடிந்தால் போர்வைக்குள் ஒரு படி மணல். மயில் வந்து சோற்றுக்கு நிற்கும். "அக்கட்ட தூரத்துல மணல் மலையாட்டம் நிக்கும் சாமி. பொழுது உழுவறப்ப அது ஒரு நெறம், உழுந்த பொறவு ஒரு நெறம். காத்து அடிச்சு அடிச்சு கோலம் போட்டு வெச்சிருக்கும். நடந்தா காலடி நம்ம கண்ணு முன்னாலயே அழிஞ்சு போவும்." இதைச் சொல்லும்போது அவர் குரல் தானாகத் தணியும். மனுஷன் வேறொருத்தர் ஆகிவிடுவார். சுற்றிலும் பஸ்ஸும் ஐஸ் வண்டியும் கத்திக்கொண்டிருக்க, எனக்கே மணல் தெரியும்.

அவர் மனைவியை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். ஒல்லியான ஆள், அதிகம் பேச மாட்டார். கொல்லிமலையில் ஒரு நாள் அருவிக்கு இறங்கும் படிக்கட்டில் தண்ணீர்க் கேனைத் தூக்கிக்கொண்டு நான் அக்கா பின்னால் போனேன். வண்டிக்குத்தான் காவல் இருக்கிறதே. அண்ணன் புண்ணியத்தில் நான்தான் எல்லா இடமும் பார்த்தேன். பாதிப் படியில் அக்கா உட்கார்ந்துவிட்டார். மூச்சு வாங்குகிறது என்று நினைத்தேன்.

"அருவி என்ன அருவி சாமி. எல்லாப் பக்கமும் தண்ணி மேல இருந்து கீழதான் உழுவுது" என்றார். "கல்யாணமான புதுசுல எஸ்டிடி பூத்துல இருந்து கூப்பிட்டு அந்த மணலப் பத்தியே பேசுவாரு. நிமிசத்துக்கு நிமிசம் பில்லு ஏறும், இவரு மணலச் சொல்லிட்டு இருப்பாரு. வயசாவட்டும், ரிட்டயர் ஆவட்டும், உன்னையக் கூட்டிட்டுப் போய் நிக்க வெச்சுக் காட்டறேன்னாரு. நான் மணலக் கேக்கலே. எதையாச்சும் ஒண்ணை அவரு பக்கத்துல நின்னு ஒட்டுக்காப் பார்க்கோணும். ஒரே ஒரு தடவை. அவ்வளவுதான் சாமி எனக்கு."

நான் வண்டிக்குத் திரும்பியதும் அவரிடம் இதைச் சொல்லவில்லை. அடுத்தவர் வீட்டு விஷயம் என்று இருந்துவிட்டேன். நல்ல ஆள் நான்.

அக்காவுக்குச் சர்க்கரை வியாதி ரொம்ப நாளாக உண்டு. அது கண்ணுக்கு ஏறியது. வலது கண் முதலில் போனது. சேலத்து டாக்டர், இடது கண்ணுக்கு அடுத்த மாதம் ஊசி போட ஆரம்பிக்கலாம், அதுவரை அலைச்சல் வேண்டாம், கறுப்பாக நூல் நூலாகத் தெரிந்தால் அன்றைக்கே ஓடிவர வேண்டும் என்றார். வீடு திரும்பும் வழியில் ராசிபுரம் தாண்டியதும் அக்கா வாயைத் திறந்தார்.

"ஏனுங்க, ஊசி போட்டா இருக்குமோ போயிருமோ தெரியாதுன்னு சொன்னாருங்கல்ல? இருக்கறப்பவே அந்த மணலக் காட்டிருங்க."

கண்ணாடியில் பார்த்தேன். அவர் முகம் பயந்துபோய் இருந்தது. "சரி" என்றார்.

மகன் விமானத்தில் போகலாம், ஒரே நாளில் சேர்ந்துவிடலாம் என்றான். மகள் ரயிலில் ஏசி பெட்டியில் படுத்துக்கொண்டே போகலாம் என்றாள். இவர் ஒரே பிடியாக நின்றார். வண்டியில்தான் போக வேண்டும், அதுவும் என் வண்டியில். "ஏரோபிளேன்ல போய் எறங்கினா அங்க நமக்கு என்ன இருக்குது? வண்டி இல்லாத மனுசன் அங்க என்ன பண்ணுவான்?" ரிக்கில் இருந்த ஆட்களுக்கு இப்படி ஒரு புத்தி உண்டு. எந்த ஊருக்குப் போனாலும் தங்கள் வண்டி நிற்கிற இடம்தான் அவர்களுக்கு ஊர். மகள் என் பக்கம் திரும்பி, "அண்ணா, நீங்களாவது சொல்லுங்க, அம்மாவுக்கு அலைச்சல் ஆவாதுன்னு" என்றாள். எனக்கும் அந்த மணலைப் பார்க்கிற ஆசை இருந்தது. மெதுவா ஓட்டுறேங்க என்று சொன்னேன். அந்த வாயில் மண்ணை அள்ளிப் போட வேண்டும்.

நாலு நாள் பயணம். பெங்களூர், ஹூப்ளி, புனே, அகமதாபாத் என்று அவருடைய பழைய பாதை. மகனுக்கு லீவு இல்லை, பேத்திக்குப் பரீட்சை. நாங்கள் மூன்று பேர்தான். அவரை அவ்வளவு குஷியாக நான் பார்த்ததே இல்லை. ஒவ்வொரு தாபாவிலும் ஆள் தெரிந்திருந்தது. இந்தியில் வெளுத்துக் கட்டினார். அக்காவும் சிரித்துக்கொண்டே வந்தார்.

மூன்றாம் நாள் காலை, குஜராத்துக்குள் ஒரு பங்கில் டீசல் போட்டோம். அவர் வழக்கம்போல வண்டியோடு நின்றார். முகம் கழுவப் போன அக்கா சுவரைத் தடவிக்கொண்டே வந்து என்னைக் கூப்பிட்டார்.

"சாமி, விடிஞ்சதுல இருந்து நூலா தொங்குது. இப்பப் பொகையாட்டம் மூடுது."

"அக்கா, அகமதாபாத் பக்கந்தானுங்க. பெரிய ஆஸ்பத்திரி இருக்கும். அண்ணன்கிட்டச் சொல்லீரலாம்."

என் சட்டையைப் பிடித்துக்கொண்டார். "சொன்னா வண்டியைத் திருப்பீருவாரு. பொறவு இந்தச் சென்மத்துல இல்லை. உங்காத்தாளா நெனச்சுக்க சாமி. சொல்லாத."

சொல்லவில்லை. அந்தம்மா கண்ணையும் கெஞ்சலையும் எடை போட்டு நான் ஒரு முடிவெடுத்தேன் என்று சொல்ல முடிந்தால் நன்றாக இருக்கும். அப்படியெல்லாம் இல்லை. பயந்துபோய்ச் சாவியைப் போட்டேன், ஓட்டினேன். அக்கா உயிரோடு இருந்தவரை இதை யாரிடமும் சொன்னதில்லை.

மறுநாள் சாயங்காலம் ஜெய்சல்மேர் தாண்டிப் போய்ச் சேர்ந்தோம். அவர் சொன்னபடியே இருந்தது. எதிரே மலை மாதிரி மணல். அவர் இறங்கினார், கதவைத் திறந்தார், சுற்றுமுற்றும் பார்த்தார். சக்கரத்துக்கு முட்டுக் கொடுக்கக் கல் தேடுகிறார் என்று புரிந்தபோது எனக்குள் ஏதோ அறுந்தது. மணலில் ஏதுங்க கல்? அவர் குனிந்து குனிந்து தேடிக்கொண்டிருந்தார். அக்கா கையை நீட்டியபடி நின்றார்.

"கூட்டிட்டுப் போ சாமி, நான் வண்டிகிட்ட..." என்று ஆரம்பித்தார்.

ஏழு வருஷத்தில் முதல் தடவையாக அவரை நான் சத்தம் போட்டேன். "இது என் வண்டி! நான் இருக்கறேன் என் வண்டிகிட்ட! நீங்க மனுசனா இருந்தா அந்தம்மா கையைப் புடிச்சு மேல கூட்டிட்டுப் போங்க!"

அடி வாங்கியவர் மாதிரி நின்றார். பிறகு மெதுவாகச் சொன்னார். "நான் அதுல ஏறினதே இல்லே சாமி. பசங்க ஏறிட்டு வந்து சொல்லுவாங்க, நான் கேட்டுக்குவேன்."

அவர் அக்காவின் கையைப் பிடித்தார். இருவரும் செருப்பைக் கழற்றிவிட்டு, விழுந்து எழுந்து, மேலே ஏறினார்கள். கீழே இருந்து இரண்டு உருவம் பக்கத்தில் பக்கத்தில் நிற்பது தெரிந்தது. நான் வண்டிமேல் சாய்ந்துகொண்டு அழுதேன். நடந்துவிட்டது, பார்த்துவிட்டார்கள், எப்படியோ பார்த்துவிட்டார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஐந்து நிமிஷம்கூட நின்றிருக்க மாட்டார்கள், இறங்கி வந்துவிட்டார்கள். அக்கா, "நெம்ப நல்லா இருந்துச்சு" என்றார். அவர் ஒன்றும் பேசவில்லை. திரும்பி வந்த நாலு நாளும் பேசவில்லை. வயசான ஆள், அலுப்பு என்று நினைத்தேன்.

ஊர் வந்ததும் நேராகச் சேலத்துக்கு ஓட்டினேன். மகள் ஆஸ்பத்திரிக்கே வந்துவிட்டாள். அம்மாவை அவள் உள்ளே கூட்டிப்போனாள், இவரும் போனார். நான் மர நிழலில் வண்டியை நிறுத்திவிட்டுக் காத்திருந்தேன். ஒரு மணி நேரம் கழித்து அவர் மட்டும் வெளியே வந்து என் பக்கத்தில் நின்றார்.

"ரத்தம் கசிஞ்சு ஒரு வாரம் ஆயிருக்கும்ங்கறாரு. கண்ணுக்குள்ள இருக்கற திரை பிரிஞ்சு போச்சாம். அன்னிக்கே வந்திருந்தா ஏதாச்சும் பண்ணியிருப்பேன், இனி ஒண்ணும் பண்ண முடியாதுன்னுட்டாரு" என்றார். "இவ நேத்துத்தான்னு சொல்றா. வழியில உங்கிட்ட ஏதாச்சும் சொன்னாளா சாமி?"

"இல்லீங்கண்ணா."

"அப்ப மணலப் பார்த்திருப்பா. இல்ல?"

"பார்த்தாங்கண்ணா. நல்லா இருந்துச்சுன்னு அவங்களே சொன்னாங்களே."

என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இன்னொரு தடவை சொல்ல மாட்டானா என்று கேட்கிற பார்வை அது. நானும் சொன்னேன். "நல்லாப் பார்த்தாங்க. நீங்க ஒண்ணும் நெனச்சுக்காதீங்க."

"ஏறறப்பவே எனக்கு ஒரு மாதிரி இருந்துச்சு. கால் வெக்கத் தெரியலே அவளுக்கு. மேல போனதும் கையைக் காட்டி, அங்க பாரு, ஒட்டகம் வரிசையாப் போவுதுன்னேன். ஆமாங்க, குட்டியும் போவுது, அழகா இருக்குதுன்னா."

பானெட்மேல் கையை ஊன்றிக்கொண்டார்.

"ஒட்டகமே இல்லே சாமி அங்க."

நான் தரையைப் பார்த்தேன்.

"இன்னும் சித்த நேரம் நிக்கலாமுங்களான்னு கேட்டா. என்னால முடியலே. வண்டி தனியா நிக்குதுன்னு சொல்லி எறக்கிக் கூட்டிட்டு வந்துட்டேன். நீதான் இருந்தியே வண்டிகிட்ட. தெரிஞ்சேதான் சொன்னேன்."